ஓடைக்கு இந்தப் பக்கம்

ரப்பர் ஷீட்டை இரண்டு கையாலும் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தால் போதும், அதைச் செய்தவர் அன்றைக்கு எந்த அவசரத்தில் இருந்தார் என்று ஷீட்டக்கா சொல்லிவிடுவார். குண்டூசித் தலை அளவில் குமிழிகள் மண்டியிருந்தால் பாலை உறையவைக்கும் ஆசிட்டைக் கண்ணை மூடிக்கொண்டு ஊற்றியிருக்கிறார்கள். வெள்ளைத் திட்டு தெரிந்தால் புகை போதவில்லை. கறுப்புப் புள்ளி என்றால் பாலை வடிகட்டாமலே தட்டில் ஊற்றிவிட்டார்கள். உருளையில் நசுங்கி வந்த வரித்தடத்தைப் பார்த்தே இது இன்னார் வீட்டு ஷீட் என்பார். ஒருவர் தன் கட்டின் மேலே பக்கத்துத் தோட்டத்து ஷீட் நாலை வைத்துக் கொண்டுவந்தபோது, அக்கா ஆளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கேட்டார்: "மேல இருக்கிற நாலும் உங்க மச்சான் வீட்டுது. அவர் பேர்லயே சீட்டு எழுதிடட்டுமா?"

அவருடைய உண்மைப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது.

மலைச்சரிவில் ஆளுக்கு இரண்டு ஏக்கர், நாலு ஏக்கர் என்று ரப்பர் வைத்திருப்பவர்கள் சேர்ந்து நடத்தும் சங்கம் அது. விடிகாலையில் மரத்தைக் கீறிப் பால் எடுப்பார்கள். தட்டில் உறையவைத்து, உருளையில் தேய்த்து, புகை அறையில் தொங்கவிடுவார்கள். தேன் நிறத்துக்கு வந்ததும் மடித்துக் கட்டிச் சங்கத்துக் கிடங்குக்குக் கொண்டுவருவார்கள். அக்கா அவற்றை மூன்று தரமாகப் பிரிப்பார். அங்கிருந்து ஏற்றுமதிக் கம்பெனி எடுத்துப்போய்த் துறைமுகத்தில் கப்பலேற்றும். கடலுக்கு அப்பால் ஒரு குளிர்நாட்டில் அது பனியில் வழுக்காத பூட்ஸுக்கு அடிப்பாகம் ஆகும்.

அக்கா இருபத்திரண்டு வயதில் அந்தக் கிடங்கின் முற்றத்தைப் பெருக்க வந்தவர். தரம் பார்ப்பவர் பத்து நாள் காய்ச்சலில் படுத்தபோது சும்மா ஒப்புக்கு நிற்கவைத்தார்கள். அந்தப் பத்து நாளில் ஒரு புகார்கூட வரவில்லை. அதற்குப் பிறகு இருபத்து நாலு வருடங்களாக வடக்குப் பார்த்த அந்தப் பெரிய ஜன்னலின் முன்னால்தான் நின்றுகொண்டிருந்தார். கணவர் கடைவீதியில் பஞ்சர் ஒட்டும் கடை வைத்திருந்தார். "நீ ரப்பரைப் பிரிக்கிற, நான் ஒட்டுறேன். நம்ம வீட்டுல சண்டை நிலைக்காதது இதனாலதான்" என்பார் அவர். ஒரே மகள் வெளியூரில் நர்ஸ் படிப்பு.

அந்த வருட மழைக்கு முன்னால் சங்கத் தலைவர் எல்லாரையும் கிடங்குக்குக் கூப்பிட்டார். கம்பெனியிலிருந்து ஒரு மேடம் வந்திருந்தார். நாற்பதை ஒட்டிய வயது, கழுத்தில் அடையாள அட்டை, புழுதி படிந்த காலணி. அவர் சொன்னதன் சாரம் இதுதான். சரக்கு வாங்கும் அந்த நாடுகளில் புதுச் சட்டம் வருகிறது. குறிப்பிட்ட ஒரு வருடத்துக்குப் பிறகு காட்டை வெட்டி உண்டாக்கிய நிலத்தில் விளைந்த எதையும் அங்கே இறக்க முடியாது. ரப்பருக்கும் அது உண்டு. வெட்டவில்லை என்று வாயால் சொன்னால் போதாது. ஒவ்வொரு தோட்டமும் பூமியில் எந்த இடத்தில் இருக்கிறது என்று எல்லையோடு வரைந்து கொடுக்க வேண்டும். மேலேயிருந்து செயற்கைக்கோள் எடுத்த பழைய படங்களோடு அதை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். சங்கத்தில் நூற்றெண்பத்தேழு தோட்டங்கள். மூன்று மாதத்தில் வரைபடம் கொடுத்தால் அடுத்த ஒப்பந்தம். இல்லாவிட்டால் கம்பெனி வேறு மலையைப் பார்க்கும்.

எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். நம் மரத்தை எண்ண அவன் யார் என்றார் ஒருவர். இது வரி போடுவதற்கான வழி என்றார் இன்னொருவர். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் எழுந்து, மேலே பறக்கும் அந்தக் கருவி நம் அடுப்பில் என்ன கொதிக்கிறது என்பதுவரை பார்க்கும் என்று அடித்துச் சொன்னார். மேடம் பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார்: "அவங்க ஊர்ல காடு அழிஞ்சு போச்சு. மத்தவங்க காடு அழியறதுக்கு நம்ம காசு போகக் கூடாதுன்னு நினைக்கிறாங்க. சரியோ தப்போ, வாங்கறவங்க அவங்க."

யார் அளப்பது என்ற கேள்வி வந்தது. வெளியிலிருந்து ஆள் வந்தால் பாதிப்பேர் நாயை அவிழ்த்துவிடுவார்கள் என்று தலைவருக்குத் தெரியும். யாரோ பின்னாலிருந்து, "ஷீட்டக்கா வந்தா நான் விடுவேன்" என்றார். அடுத்தவரும் தலையாட்டினார். ஜன்னலோரம் நின்று எல்லாவற்றையும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த அக்கா கையிலிருந்த ஷீட்டை வைத்துவிட்டு முன்னால் வந்தார். எனக்கு ஷீட்டைத்தான் தெரியும், போனில் மகளோடு பேசுவதைத் தவிர ஒன்றும் தெரியாது என்று சொல்லிப் பார்த்தார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மேடம் ஒரு மத்தியானம் முழுக்கக் கிடங்கின் முற்றத்தையே தோட்டமாக வைத்துச் சொல்லிக்கொடுத்தார். போனைக் கையில் பிடித்தபடி எல்லையை ஒட்டி நடக்க வேண்டும். ஒவ்வொரு முனையிலும் நின்று, போன் திரையில் இடத்தைக் காட்டும் வட்டம் சின்னதாகும்வரை மூச்சுப் பிடித்துக் காத்திருந்து, பொத்தானை அமுக்க வேண்டும். கிளம்பிய இடத்துக்கே வந்து சேர்ந்தால் கோடு மூடிக்கொள்ளும். போகும்போது மேடம் ஒன்றை அழுத்திச் சொன்னார். மேலேயிருந்து எடுக்கும் படத்தில் சின்னச் சின்ன இடங்கள் தப்பிவிடும். நடப்பவரின் கண்தான் கடைசிக் கண்.

அக்கா முதலில் வரைந்த தோட்டம், பிழிந்து போட்ட துண்டு மாதிரி இருந்தது. அடர்ந்த கிளைக்கு அடியில் நின்று அமுக்கியதில் புள்ளிகள் இங்கும் அங்கும் தாவியிருந்தன. அதன்படி பார்த்தால் அந்தத் தோட்டக்காரரின் சமையலறை அடுத்தவரின் மாட்டுக்கொட்டகைக்குள் இருந்தது. நாலாவது தோட்டத்தில் கை பழகிவிட்டது. மழை தொடங்கிய பிறகு சரிவில் செருப்பு வழுக்கியது. கணவர் பழைய டயரிலிருந்து ஒரு துண்டை அறுத்து அதன் அடியில் ஒட்டிக்கொடுத்தார். "லாரி டயர்தான். நீ வழுக்கினாலும் செருப்பு நிக்கும்" என்றார். காலையில் கிடங்கு, மத்தியானத்துக்குப் பிறகு தோட்டம் என்று ஒரு நாளைக்கு மூன்று நாலு எல்லைகள் நடந்தார் அக்கா.

நடக்க நடக்கத்தான் தெரிந்தது, இருபத்து நாலு வருடமாக ஷீட்டாக மட்டுமே பார்த்தவர்களின் நிலத்தை அவர் பார்த்ததே இல்லை என்று. எப்போதும் முதல் தரம் கொண்டுவரும் ஒருவருக்கு வீட்டுக் கதவு ஒரு பக்கம் கழன்று தொங்கியது, புகை அறை மட்டும் பளிச்சென்று இருந்தது. அடிக்கடி குமிழி விழும் ஒரு வீட்டில், படுக்கையில் கிடக்கும் மாமியாரைப் பார்த்துக்கொண்டே மருமகள் ஒற்றை ஆளாக உருளை சுற்றிக்கொண்டிருந்தார். அடுத்த நாளே அந்தப் பெண்ணுக்கு ஆசிட் அளக்கும் சின்ன குவளை ஒன்றைக் கொடுத்தனுப்பினார் அக்கா. இரண்டு அடி வேலிக்காகப் பதினோரு வருடம் முகம் கொடுத்துப் பேசாத சகலைகள் இருவர் இருந்தார்கள். யார் சொல்லும் இடத்தில் நின்று அமுக்குவது? "நீங்க ரெண்டு பேரும் ஒத்துக்கிற இடத்துல நான் நிக்கிறேன். ஒத்துக்கலைன்னா ரெண்டு தோட்டமும் படத்துல வராது" என்று சொல்லிவிட்டு ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தார். முக்கால் மணி நேரம் ஆனது. கடைசியில் இருவரும் சேர்ந்து ஒரே குச்சியை நட்டார்கள். வாத்தியார் தன் தோட்டத்தைக் கடைசிவரை தள்ளிப்போட்டார். அக்கா போனில் அவர் வீட்டுக் கூரை எப்படித் தெரிகிறது என்று காட்டியதும், ஓடு மாற்ற வேண்டிய இடத்தைக் கண்டுபிடித்துவிட்டு மனம் மாறினார்.

நூற்றெண்பத்தாறு முடிந்தது. மிச்சம் இருந்தது அவருடைய சொந்த அண்ணனின் தோட்டம்.

அதைத் தள்ளிப்போட்டதற்குக் காரணம் இருந்தது. அப்பா படுத்த படுக்கையானபோது அண்ணனுக்குப் பதினாலு வயது. பள்ளிக்கூடப் பையை ஆணியில் மாட்டிவிட்டு சொந்த மரங்கள் இன்னும் பால் தரும் வயதுக்கு வராததால் அடுத்தவர் தோட்டங்களில் கூலிக்குப் பால் வெட்டப் போனவர். தங்கை பத்தாவது முடிக்கும்வரை வீட்டில் அடுப்பு எரிந்தது அவர் கையால்தான். நாற்பத்தாறு வயதிலும் அண்ணனுக்கு இந்தத் தங்கை 'பாப்பா'தான். அப்பாவின் ஆறு ஏக்கரை ஒரு அங்குலம் விடாமல் காப்பாற்றி, இரண்டு வருடத்துக்கு முன்னால் ஓடைக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் பெருக்கவும் செய்திருந்தார். அது காடாக இருந்த இடம். அரை ஏக்கர்கூட வராது. அக்கா அதைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தார், ஆனால் போய்ப் பார்க்கவில்லை.

அண்ணன் உற்சாகமாகத்தான் கூட நடந்தார். அண்ணி தண்ணீர் பாட்டிலோடு பின்னால் வந்தார். மூன்று முனைகள் முடிந்தன. நாலாவது முனை ஓடைக்கரை. அண்ணன் தண்ணீரில் கால் வைத்து அந்தப் பக்கம் ஏறிக் கையை நீட்டினார்.

அக்கா இந்தக் கரையிலேயே நின்றார். எதிர்க்கரையில் ஆள் உயரத்துக்கு இளம் ரப்பர் கன்றுகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றுக்கும் முட்டுக்குச்சி, அடியில் வெயில் படாமல் காய்ந்த புல். நூறு கன்றையும் அண்ணன் தோளில் சுமந்து வந்து நட்டிருந்தார். கன்றுகளுக்கு நடுவே அங்கங்கே கரிந்த பெரிய அடிமரங்கள், ஒன்று இங்கே, ஒன்று அங்கே. இந்த ஓடையில்தான் அக்கா சிறுமியாக இருந்தபோது குடம் நிரப்பினார். அப்போது அந்தப் பக்கம் பகலிலும் இருட்டாக இருக்கும்.

"அண்ணா, இது அந்த வருஷத்துக்கு அப்புறம் வெட்டினதுதானே?"

"இதுல இன்னும் ஒரு சொட்டுப் பால் வரல. வர இன்னும் நாலு வருஷம் ஆகும். இப்பவே கோட்டுக்குள்ள வந்துட்டா அப்புறம் யாரும் கேக்க மாட்டாங்க. ஏறி வா பாப்பா."

"இதைச் சேத்து நடந்தா தோட்டம் மொத்தமும் தப்பாயிடும்ணா."

"மேலேருந்து பாத்தா தெரியாதுன்னு உங்க மேடமே சொன்னாங்களாமே."

"அவங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியுமே." அக்கா போனைக் கீழே தாழ்த்தினார். "கப்பல்ல போற பெட்டியில உன் ஷீட் தனியா போகல. நூத்தி எண்பத்தேழு வீட்டு ஷீட்டும் ஒண்ணா அடுக்கித்தான் போகுது. ஒண்ணு பொய்னு தெரிஞ்சா பெட்டியே திரும்பி வரும். நான் ஓடைக்கு இந்தப் பக்கம்தான் நடப்பேன்."

அண்ணன் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். பிறகு, ஊருக்கெல்லாம் நல்லவளாக இருப்பதற்கு வீட்டு ஆளைக் காட்டிக்கொடுக்க வேண்டுமா என்று கேட்டார். கத்தவில்லை. மெதுவாகத்தான் கேட்டார். கத்தியிருந்தால் தாங்கியிருக்கலாம் என்று பின்னால் கணவரிடம் சொன்னார் அக்கா. ஓடையை ஒட்டியே கோட்டை மூடிவிட்டு, கண் கலங்கியதில் சின்ன வட்டம் சரியாகத் தெரியாமல், கடைசி முனையில் இரண்டு முறை அமுக்க வேண்டியிருந்தது.

அடுத்த வாரம் அண்ணனின் கட்டு கிடங்குக்கு வரவில்லை. சாலையோரத்தில் கிடைத்த விலைக்கு வாங்கும் தனி வியாபாரியிடம் போட ஆரம்பித்திருந்தார். கடைவீதியில் அக்காவைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் போனார். அண்ணி மட்டும் ஒரு நாள் பஞ்சர் கடைக்கு வந்து, சைக்கிளில் ஒன்றும் ஆகாதபோதே காற்று பார்க்கச் சொல்லிவிட்டு, பாப்பா சாப்பிடுகிறாளா என்று விசாரித்துப் போனார். தான் செய்தது சரிதானா என்று அக்காவுக்கு அப்போதும் சந்தேகம் வரவில்லை. ஆனால் சரியாகச் செய்த ஒன்று இவ்வளவு வலிக்கும் என்று அவர் நினைத்திருக்கவில்லை. ஜன்னல் முன்னால் ஷீட்டைப் பிடிக்கும்போது, அண்ணன் வீட்டு உருளையின் அகலமான வரித்தடம் கண்ணில் படாத நாட்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

ஒரு மாதம் கழித்து மேடம் மடிக்கணினியோடு வந்தார். எல்லாத் தோட்டங்களையும் படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தாகிவிட்டது. சரிவு முழுக்கப் பச்சைக் கட்டங்கள். ஒன்றே ஒன்று சிவப்பு. அது நெட்டையர் என்று எல்லாரும் கூப்பிடும் ஒரு பால் வெட்டுக்காரரின் தோட்டம். ஐந்து ஏக்கரில் பாதியில் நல்ல பால், மீதிப் பாதியில் மூன்று வருடத்துக் கன்றுகள். நாலு வருடத்துக்கு முந்தைய படத்தில் அந்தப் பாதி அடர்ந்த மரங்களாகத் தெரிந்தது. அடுத்த வருடப் படத்தில் வெறும் மண்.

நெட்டையர் கிடங்குக்கு ஓடிவந்தார். அது காடு இல்லை, அவருடைய அப்பா வைத்த பழைய ரப்பர், பால் வற்றிப்போனதால் வெட்டிவிட்டுப் புதிதாக வைத்தது என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மேடமும் நம்பினார். ஆனால் மேலேயிருந்து பார்த்தால் வயதான ரப்பரும் காடும் ஒரே மாதிரித்தான் இருக்கும். வெளிநாட்டு அலுவலகத்துக்கு நம்பிக்கை போதாது, கண்ணால் பார்க்க ஒன்று வேண்டும். பத்து நாள்தான் அவகாசம்.

அக்காவுக்கு ஓடைக்கரையில் பார்த்த கரிந்த அடிமரங்கள் ஞாபகம் வந்தன, ஒன்று இங்கே, ஒன்று அங்கே என்று நின்றவை.

"காடு வரிசையில நிக்காது மேடம்" என்றார். "மனுஷன் வச்சதுதான் வரிசையில நிக்கும். அடிமரம் இன்னும் மண்ணுல இருக்கும். நாடா பிடிச்சு அளந்து படம் எடுத்தா போதாதா?"

மேடம் அதைக் குறித்துக்கொண்டு, எடுத்து அனுப்புங்கள், நான் போராடிப் பார்க்கிறேன் என்றார்.

சிக்கல் என்னவென்றால் அந்த நிலம் முழுக்க முழங்காலுக்கு மேல் கொடி படர்ந்து கிடந்தது. அடிமரங்கள் பாதி உளுத்து அதற்கடியில் எங்கேயோ இருந்தன. நெட்டையர் அப்பாவின் காலத்தில் வெளியூரில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர், பழைய மரத்தை வெட்டிக் கன்று வைத்ததும் கூலி ஆட்கள்தான். எந்த வரிசை எங்கே தொடங்கியது என்று அவருக்கே சரியாகத் தெரியாது. அந்த மரங்களைத் தெரிந்த ஆள் ஒருவர்தான் இருந்தார். பதினாலு வயதிலிருந்து ஒன்பது வருடம் அந்தத் தோட்டத்தில் கூலிக்குப் பால் வெட்டியவர், அக்காவின் அண்ணன். அக்கா போய்க் கேட்கவில்லை. கேட்கும் நிலைமையில் இல்லை. நெட்டையரே நேரில் போய்க் கேட்டார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அக்கா அங்கே போனபோது அண்ணன் ஏற்கெனவே அரிவாளோடு கொடிக்குள் நின்றுகொண்டிருந்தார். தங்கையைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். கிழக்கு மூலையில் ஒரு பாறையில் முதுகை வைத்து நின்று, அங்கிருந்து அடியெண்ணி நடந்து, குனிந்து கொடியை அறுத்தார். அடிமரம் இருந்தது. அங்கிருந்து பத்தடி. இன்னொன்று. மறுபடி பத்தடி. உடம்பில் ஏறியிருந்த கணக்கு அது. ஒன்பது வருடம் விடிகாலையில் நெற்றி விளக்கோடு மரத்துக்கு மரம் நடந்த கால்கள் மறக்கவில்லை. சில இடங்களில் மரம் முழுசாக மட்கிப்போய், கையை விட்டால் பொடியாக வந்தது. அங்கேயும் வட்டமான கறுப்பு மண் தெரிந்தது. மூன்று அடிமரங்களில், இன்னும் எஞ்சியிருந்த பட்டையில், பழைய கத்தித் தடம் சாய்வாக இருந்தது. அதில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு நெட்டையரிடம், "இது என் வெட்டு. இடது கைப்பக்கம் கொஞ்சம் ஆழமா விழும், உங்க அப்பா அதுக்குத் திட்டுவார்" என்றார்.

அக்கா நாடாவின் ஒரு முனையைப் பிடித்தார், நெட்டையர் மறுமுனையைப் பிடித்தார். வரிசைக்கு வரிசை இருபதடி, மரத்துக்கு மரம் பத்தடி. ஒவ்வொன்றிலும் வெள்ளைச் சுண்ணாம்பு பூசிப் படம் எடுத்தார்கள். மத்தியானத்துக்குள் அறுபது, சாயங்காலத்துக்குள் நூற்று முப்பது. மேட்டில் ஏறி நின்று பார்த்தபோது, பச்சைக் கொடிக்கு நடுவே வெள்ளைப் புள்ளிகள் நூல் பிடித்தாற்போல் ஓடின.

நெட்டையர் தேநீர் கொண்டுவரப் போயிருந்தார். அண்ணனும் தங்கையும் அந்த மேட்டில் சற்றுத் தள்ளித் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன்தான் முதலில் ஆரம்பித்தார்.

"என் இடத்துல இந்த மாதிரி சுண்ணாம்பு பூசினா எப்படித் தெரியும்?"

அக்கா கையில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைத் தட்டினார்.

"சிதறிக் கிடக்கும்" என்று அண்ணனே சொல்லிக்கொண்டார். "காலையிலேருந்து அதேதான் மனசுல ஓடிட்டு இருக்கு. இவருக்கு உண்மை இருந்தது, அதனால தோண்டி எடுக்க முடிஞ்சது. என்னோடதைத் தோண்டினா எனக்கு எதிராத்தான் வரும்."

"உன்னைக் காட்டிக்கொடுக்கணும்னு நான் செய்யலண்ணா."

"தெரியும். அன்னிக்கே தெரியும்." அரிவாளைப் புல்லில் துடைத்தார். "நூறு கன்னு பாப்பா. தோள் காய்ச்சுப் போச்சு. அந்தக் கோவத்தை எங்க போய் இறக்கறது? நீதான் கையில கிடைச்ச."

அந்த அரை ஏக்கரை என்ன செய்யச் சொல்கிறது சட்டம் என்று கேட்டார். சட்டம் ஒன்றும் செய்யச் சொல்லவில்லை, அங்கே விளைவது நம் பெட்டியில் ஏறக் கூடாது என்பதோடு சரி என்றார் அக்கா. ஓடைக்கு இந்தப் பக்கத்து ஆறு ஏக்கரும் பச்சையாகத்தான் வந்திருக்கிறது, ஷீட் கட்டை எப்போது வேண்டுமானாலும் கொண்டுவரலாம் என்பதையும் சேர்த்துச் சொன்னார். அண்ணன் தலையாட்டினார். தேநீர் வந்தது. வழக்கம்போலத் தன் டம்ளரிலிருந்து பாதியைத் தங்கையின் டம்ளரில் ஊற்றினார்.

ஒன்பதாம் நாள் மேடத்திடமிருந்து தகவல் வந்தது. சிவப்புக் கட்டம் பச்சையாகிவிட்டது. அந்த நாட்டு அலுவலகத்தில் ஒருவர் அந்தப் படங்களைப் பெரிதாக்கிச் சுவரில் ஒட்டிவைத்திருக்கிறாராம், மேலேயிருந்து பார்ப்பதை மட்டும் நம்பக் கூடாது என்பதற்கு எடுத்துக்காட்டாக. நெட்டையர் கிடங்குக்கு வந்து அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். திங்கட்கிழமை, அண்ணன் வீட்டுக் கட்டு வந்தது. முதல் ஷீட்டைத் தூக்கிப் பார்த்த அக்கா, அதை இரண்டாம் தரத்தில் போட்டார். அண்ணன் முறைத்தார். "புகை பத்தலண்ணா" என்றார் அக்கா. வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள், அண்ணனும் சேர்ந்துதான்.

ஒப்பந்தம் கையெழுத்தாகி முதல் பெட்டி கப்பலேறிய மூன்றாவது வாரம், வேறொரு செய்தி வந்தது. கடலுக்கு அப்பால் அந்தச் சட்டத்தை ஒரு வருடம் தள்ளிவைத்துவிட்டார்கள். மற்ற நாடுகளின் வியாபாரிகளும் அவர்கள் நாட்டுக் கம்பெனிகளுமே தயாராக இல்லை என்பது காரணம். சங்கத் தலைவருக்கு முகம் தொங்கிவிட்டது. மழையில் நனைந்து, அட்டைக்கடி பட்டு, சொந்தக்காரனோடு சண்டை போட்டு எல்லாம் இதற்குத்தானா என்று பலர் கிடங்குக்கு வந்து கேட்டார்கள். அக்காவுக்கும் அன்றைக்கு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. மகள் போனில் கூப்பிட்டபோது அதைத்தான் சொன்னார். பரீட்சை தள்ளிப்போனால் படித்தவளுக்கு என்ன நஷ்டம் என்று மகள் கேட்டாள். பேச்சில் தன்னை மிஞ்சிவிட்டாள் என்று அக்கா கணவரிடம் பெருமைப்பட்டுக்கொண்டார்.

மகள் சொன்னதுபோலத்தான் ஆனது. சட்டம் தள்ளிப்போனாலும் பூட்ஸ் கம்பெனி தன் எண்ணத்தை மாற்றிக்கொள்ளவில்லை. எப்படியும் வரப்போகிறது, தயாராக இருப்பவர்களிடமே வாங்குவோம் என்று எழுதியது. கையுறை செய்யும் இன்னொரு கம்பெனியும் விசாரித்தது. பக்கத்து மலைச் சங்கத்திலிருந்து இரண்டு பேர் வந்து, எங்கள் எல்லைகளையும் நடந்து கொடுக்க முடியுமா என்று அக்காவிடம் கேட்டார்கள். அவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. அங்கேயே இரண்டு பெண்களை, ஊரார் நாயை அவிழ்த்துவிடாத இரண்டு பெண்களைப் பார்த்து வையுங்கள், அவர்களைக் கூட்டிக்கொண்டு முதல் பத்துத் தோட்டம் நடக்கிறேன், மிச்சத்தை அவர்களே பார்த்துக்கொள்ளட்டும் என்றார். ஜன்னல் வேலையை விட்டுவிட்டு வர அவருக்கு மனமில்லை. ஆசிட் குவளை வாங்கிய அந்த மருமகளைக் கொஞ்ச நாள் அரை அரை நாளாக ஜன்னலில் நிற்கவைத்துப் பார்த்தார். அவளுக்குத் தரம் பார்க்கும் கண் இருந்தது. மாமியாரைக் கவனிக்க நாத்தனார் வர ஒப்புக்கொண்டதும், வாரத்தில் மூன்று நாள் அவள் கிடங்குக்கு வரத் தொடங்கினாள்.

சட்டம் தள்ளிப்போன செய்தி அண்ணனுக்கும் போயிருந்தது. அவர் ஏதாவது சொல்லிக்காட்டுவார் என்று அக்கா எதிர்பார்த்தார். வெயில் காலம் ஆரம்பித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்டு முடித்ததும், வா ஒன்று காட்டுகிறேன் என்று கூப்பிட்டார். இருவரும் ஓடைவரை நடந்தார்கள். தண்ணீர் கணுக்காலுக்குத்தான் இருந்தது. இந்த முறை அக்காவும் அந்தப் பக்கம் ஏறினார்.

ரப்பர் கன்றுகள் அப்படியே நின்றன. அண்ணன் எதையும் பிடுங்கவில்லை. ஆனால் அடிப்புல்லை வெட்டுவதை நிறுத்தியிருந்தார், உரம் போடுவதையும். நாலைந்து மாதத்தில் காடு தானாகவே தலைநீட்டியிருந்தது. கரிந்த அடிமரம் ஒன்றிலிருந்து பத்துப் பன்னிரண்டு துளிர்கள் கொத்தாகக் கிளம்பி ஆள் உயரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தன. பறவை போட்ட விதையோ காற்று கொண்டுவந்ததோ, ரப்பர் வரிசைக்கு நடுவே எந்த ஒழுங்கும் இல்லாமல் விதவிதமான செடிகள். ஒரு ரப்பர் கன்றைக் கொடி ஒன்று முழுசாகச் சுற்றி மூடியிருந்தது. அதைப் பார்த்து அண்ணன் கொஞ்சம் முகத்தைச் சுளித்தார். அறுத்துவிடக் கை துறுதுறுக்கிறது, அதனால்தான் அரிவாள் இல்லாமல் வந்திருக்கிறேன் என்றார்.

"ஒரு வருஷம் தள்ளி வச்சிருக்காங்களே. உனக்கு வருத்தம் இல்லையா?" என்று அக்கா கேட்டார்.

"அவங்க தள்ளி வைப்பாங்க, முன்னால இழுப்பாங்க. அவங்க பாடு." அண்ணன் குனிந்து ஓடையைப் பார்த்தார். "போன வெயில்ல இந்த நேரத்துக்கு இது வத்திப் போச்சு பாப்பா. உங்கண்ணிகிட்டக்கூட சொல்லல. இந்த வருஷம் இன்னும் ஓடுது. இதனாலதானான்னு தெரியல. மழை நல்லாப் பெஞ்சதும் இருக்கலாம்."

அக்கா ஒரு செடியின் பக்கத்தில் உட்கார்ந்தார். முழங்கால் உயரம், சிவந்த கொழுந்து, உள்ளங்கை அகலத்துக்கு இலை. ஒரு இலையைக் காம்போடு மெல்லப் பிடித்து, பறிக்காமல், சூரியனுக்கு நேரே திருப்பினார். நரம்புகள் தெரிந்தன. இலையின் ஓரத்தில் ஒரு புழு அரை வட்டமாகக் கடித்திருந்தது.

"இது என்ன மரம்ணா?"

அண்ணனும் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்தார். கொழுந்தைக் கசக்கி மோந்தார். சின்ன வயதில் இந்தப் பக்கம் பெரிய மரங்கள் நின்ற காலத்தில் ஏதோ ஒரு பெயர் சொல்வார்கள் என்றார், யோசித்தார், வரவில்லை.

"தெரியல. வளரட்டும். பூ விட்டா கண்டுபிடிச்சிடலாம்."